கடல்ல பாரஸ்ட்டுகாரன் கீறானா?

ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் அம்மாள் போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அவர் சாக்கைப் பிரித்ததும் மலைக்காற்றில் வேறு ஊர் வாடை கலக்கும். எனக்கு அது பிறந்த ஊர் வாடை. தூத்துக்குடிக்காரனான நான் 1989ல் ஜவ்வாது மலைக்கு வாத்தியாராக வந்தேன். இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவதாகத்தான் எண்ணம். இப்போது ஓய்வும் பெற்றாயிற்று. இன்னும் இங்கேதான் சாமைச் சோற்றுக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சாளை இங்கே மத்தியாகிவிடும். அதற்கும் பழகிவிட்டேன்.

போன தை மாதம் அந்தக் கடை முன்னால் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர், கடலைப் பார்க்காதவர். குவித்திருந்த கருவாட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“வாத்தியாரே, கடல்ல பாரஸ்ட்டுகாரன் கீறானா? இவ்ளோ மீனு புடிக்கிறாங்களே, யாரும் வந்து கேக்கமாட்டாங்களா?”

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவருடைய தாத்தா காலத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில், ஓடை மடுவில் மருக்காரைக் காயை இடித்துப் போட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். காய்ச்சாறு கலந்தால் மீன் மயங்கி மேலே மிதக்கும், கூடையால் அள்ளிக்கொள்ளலாம். அள்ளிய கூடையை மீனோடு ஒரு பாரஸ்ட்டு கார்டு பிடுங்கிக்கொண்டு போனது அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. “ஓடை எங்க கொல்லையில ஓடுது. மீனு மட்டும் எப்பிடி அவனுது ஆச்சி?” என்று அவர் தாத்தா கேட்டாராம்.

“இருக்கான் பெரியவரே, தொப்பிதான் வேற” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. கடலில் யார் எதைத் தனது என்று சொல்லலாம் என்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய அரசுகள் மல்லுக்கு நின்றிருக்கின்றன. அதில் ஒரு வழக்கில் எங்கள் பக்கத்து முத்துப்பாரே சாட்சிக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. அதே வருஷங்களில்தான் இந்த மலையிலும் கோடு போட்டார்கள். பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய நீளமான பதில் இது.

மலையிலிருந்தே தொடங்குகிறேன். ஜவ்வாது மலை கும்பினியின் கைக்குப் போனது ஒரே நாளில் அல்ல. மலையின் தெற்கே, செங்கம் கணவாய் வழியாகத்தான் மைசூர்ப் படைகள் கீழே இறங்கும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் கும்பினித் தளபதி ஜோசப் ஸ்மித்தும் அங்கேதான் மோதினார்கள். 1792ல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில் மலையின் மேற்குப் பக்கத்துப் பாராமகால் சீமை கும்பினிக்குப் போயிற்று. மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூரில் கேப்டன் ரீட் கச்சேரி போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கீழே வேலை பழகியவர்தான் பிற்பாடு கவர்னரான தாமஸ் மன்றோ. கிழக்குச் சரிவு ஆற்காடு நவாபின் சீமை. அது 1801 ஒப்பந்தத்தில் போயிற்று. ஒரே மலை, ஒன்பது வருஷ இடைவெளியில் இரண்டு காகிதம். மேலே சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்காது. தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது அரசுக்கு மலை என்றால் எதிரி இறங்கும் வழி, அவ்வளவுதான்.

மரம் தேவைப்பட்டபோதுதான் மலையின் மேல் கண் விழுந்தது. முதலில் கப்பற்படைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. மலபார்க் காடுகளுக்கு 1806லேயே கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியைக் காவலாகப் போட்டார்கள். ஜவ்வாது மலைக்கு அந்தக் கண் வந்தது ரயிலோடு. 1856ல் சென்னையிலிருந்து வாலாஜா வரை ஓடிய ரயில் அடுத்த சில வருஷங்களில் பாலாற்றங்கரையோடு வந்து, மலையின் காலடியிலே வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று போனது. தண்டவாளத்துக்கு அடிக்கட்டை, எஞ்சினுக்கு விறகு. அதே 1856ல்தான் கிளெகார்ன் என்ற மருத்துவரின் கீழ் சென்னை மாகாணத்தில் வனத்துறை பிறந்தது.

ஆனால் காடு யாருடையது என்பதில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. இது பலருக்குத் தெரிவதில்லை. 1871ல் சென்னை வருவாய் வாரியம் எழுதியதன் சாரம் இது: இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று ஒன்று இல்லை என்றே சொல்லலாம், தேக்கு, சந்தனம், ஏலக்காய் போன்றவற்றுக்கு வாங்கிய அரச பங்கைத் தவிர, காடு எனக்குச் சொந்தம் என்று அரசு சமீபகாலம் வரை எங்கேயும் சொன்னதில்லை. வரி வசூலிக்கிறவர்கள் எழுதியது இது, சன்னியாசிகள் அல்ல. குடியானவனின் விறகிலும் தழையிலும் கைவைத்தால் நிலவரி படுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வடக்கே இந்திய அரசின் பக்கத்தில் பேடன் பவல் என்ற அதிகாரி எதிர்வழக்காடினார். ஜனங்கள் காட்டில் காலங்காலமாகச் செய்துவருவது எல்லாம் உரிமை ஆகாது, கீழை நாட்டு அரசன் கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை, அவ்வளவே. அரசன் கொடுத்த சலுகையை அரசன் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. 1878ல் வந்த இந்திய வனச்சட்டம் அந்தக் கட்சியின் வெற்றி. சென்னை அதை ஏற்காமல் நான்கு வருஷம் இழுத்தது. கடைசியில் இந்திய அரசின் வனத்துறைத் தலைவர் பிராண்டிஸ் வந்து பேசி, 1882ல் சென்னைக்கென்று தனி வனச்சட்டம் வந்தது. கொஞ்சம் மென்மையான சட்டம் என்பார்கள். மலையிலிருந்து பார்த்தால் அந்த மென்மை தெரியாது.

எந்தப் பகுதியை ஒதுக்கப்போகிறோம் என்று அறிவிப்பார்கள். வழி, மேய்ச்சல், தண்ணீர், காட்டுப்பொருள் என்று யாருக்காவது பாத்தியதை இருந்தால் கெடுவுக்குள் செட்டில்மென்ட் அதிகாரி முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போயிற்று. உழவுக்காட்டுக்காவது பட்டா என்று பேச வழி உண்டு. மண்வெட்டியால் கொத்தி ஓரிரு வருஷம் விதைத்து, பிறகு ஆறப்போடுகிற கொத்துக்காட்டுக்கு என்ன காகிதத்தைக் காட்டுவது? கல் நட்டார்கள், கோடு விழுந்தது. இன்றைக்கும் மலையில் “ரிசர்வு லைனு” என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் போகாத கிழவிகளும் சொல்வார்கள்.

அந்தக் கோட்டுக்குள் ஓடையும் அகப்பட்டது. ஒதுக்கிய காட்டுக்குள் விதிகளுக்கு மாறாக வேட்டையாடுவது, கண்ணி வைப்பது, மீன் பிடிப்பது, தண்ணீரில் நஞ்சு கலப்பது எல்லாம் 1882 சட்டத்தில் குற்றம். பெரியவரின் தாத்தா கூடையை இழந்தது இந்த வரியினால்தான்.

நன்னீர் மீனுக்குத் தனியாகவும் ஒரு கதை உண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே மீன் பித்தர். ஆறுகளின் குறுக்கே அணைகள் எழும்பியதால் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் போன்ற மீன்கள் தடைபடுகின்றனவா என்ற கேள்வி 1860களின் கடைசியில் கிளம்பியது. கேட்டவர் யார் என்றால், அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டனேதான். விசாரிக்கப் போன டே, தாசில்தார்கள் வரைக்கும் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கி, 1873ல் கனத்த அறிக்கை ஒன்று கொடுத்தார். சிறுகண் வலை, ஓடையை அடைத்துக் குஞ்சோடு வாருவது, விஷக்காய் எல்லாவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். சட்டம் போட்டால் ஏழையின் சட்டியில் போலீஸ்காரன் கைவிடுவான் என்று சில அதிகாரிகள் தயங்கினார்கள். தயக்கம் இருபத்துச் சொச்சம் வருஷம் நீடித்தது. 1897ல்தான் இந்திய மீன்பிடிச் சட்டம் வந்து, வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் தடுத்தது. நடுவே தூண்டில்காரத் துரைமார்களின் குரலும் உண்டு. கலெக்டர் எச். எஸ். தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873ல் தடித்த புத்தகமே எழுதினார். வெடி போடுவதைத் தடுத்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மருக்காரைக்காயையும் டைனமைட்டையும் ஒரே பட்டியலில் வைத்த கைதான் எனக்குப் புரியவில்லை.

இனி கடல்.

என் அப்பா குளியாளி. 1955லிருந்து 1961 வரை தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபத்தில் அவர் தொல்லாயிரம் பாரில் முங்கியவர். இடுப்பில் கயிறு, காலடியில் கல், மூச்சைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம். பார் என்றால் சிப்பி ஒட்டிக்கிடக்கும் கடலடிப் பாறைத்தட்டு. மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் பார்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அப்பாவின் குளிகல் இப்போது ஜமுனாமரத்தூரில் என் வீட்டு வாசல் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. பெரியவர் ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எல்லைக்கல்லைப் புடுங்கிக்கினு வந்துட்டியா?” என்றார்.

முத்துக்கு எப்போதுமே ராஜா உண்டு. பாண்டியன், நாயக்கர், சேதுபதி, போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் என்று யார் கொடி பறந்தாலும் பங்கு போயாக வேண்டும். 1796ல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கைக் கரையைப் பிடித்த ஆங்கிலேயர்கள் முதலில் பார்த்த காசுகளில் ஒன்று சலாபக் காசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முங்கினவனுக்கு. சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டிக்கும் அரசு படி அளந்தது. 1889 தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதிய சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் இதையெல்லாம் கொஞ்சம் நமுட்டுச் சிரிப்போடு குறித்திருக்கிறார். திருட்டைத் தடுக்க இலங்கை அரசு 1811ல் ஒரு சட்டம் போட்டது. அனுமதி இல்லாத படகு பார்களின் மேலோ பக்கத்திலோ சுற்றித்திரிந்தாலே பறிமுதல். பெரியவர் கேட்ட ஆள், அந்தப் படகைப் பிடிக்கிறவன்தான். கடலில் பாரஸ்ட்டுகாரன் 1811லேயே இருந்தான்.

இங்கே ஒரு சிக்கல். கரையிலிருந்து மூன்று மைல் வரைதான் கடல் ஒரு நாட்டுக்குச் சொந்தம், அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லை என்பது அப்போதைய வழக்கு. பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். சுடமுடிந்த வரைக்கும் என்னுடையது என்பது நேர்மையான கணக்குதான். ஆனால் இலங்கைப் பார்கள் கரையிலிருந்து 6 முதல் 21 மைல் வரை கிடந்தன.

இந்தச் சிக்கல் உலக வழக்காக மாறியது வட அமெரிக்காவின் மீன் சண்டையில். அங்கே அது ஒரு நூற்றாண்டுச் சண்டை. 1818 ஒப்பந்தப்படி அமெரிக்க மீன்படகுகள் கனடாக் கரையின் பெரும்பகுதியில் மூன்று மைலுக்குள் நான்கு காரியத்துக்குத்தான் வரலாம்: ஒதுங்க, பழுதுபார்க்க, விறகெடுக்க, தண்ணீர் எடுக்க. இதை முதலில் படித்தபோது எனக்கு இந்த மலைதான் ஞாபகம் வந்தது. கோட்டுக்குள் போகிறவனுக்கு எந்த அரசு எழுதினாலும் முதலில் வருவது விறகும் தண்ணீரும்தான். 1871ல் வாஷிங்டனில் இன்னொரு ஒப்பந்தம். அதன்படி மீன்பிடிக்க இடம் கொடுத்ததற்கு 1877ல் ஹாலிபாக்ஸில் கூடிய நடுவர்கள் 55 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். அமெரிக்கர்களுக்கு வயிறு எரிந்தது, ஒப்பந்தத்தின் மீன் ஷரத்துகளை 1885ல் முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே கனடா அமெரிக்கப் படகுகளைப் பிடித்தது. தூண்டிலுக்கு இரை வாங்கக் கரைக்கு வந்ததும் குற்றமாயிற்று.

இரைக்கு இவ்வளவு ரகளையா என்று தோன்றும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலத்துத் தலைவர்கள் அதை வெறும் மீனாகப் பேசவில்லை. மீனவனே நாளைய மாலுமி, மீன்பிடிக் கப்பல் கடற்படையின் தொட்டில், காட் மீனை விட்டுக்கொடுத்தால் போர் வரும் நாளில் கப்பல் ஓட்ட ஆள் இருக்காது என்பது அவர்களின் வாதம். குடியரசு பிறந்த காலத்திலிருந்து வருகிற வாதம் அது. அதைச் சொல்லியே காட் மீனவர்களுக்கு மானியம் வாங்கித் தின்றிருக்கிறார்கள். அதிபர் கிளீவ்லண்டின் அரசு சமரசமாக ஒரு புது ஒப்பந்தம் போட்டுவந்தபோது, 1888 ஆகஸ்டு 21 அன்று செனட் அதை 27க்கு 30 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அது தேர்தல் வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அதே நேரத்தில் மேற்கே வேஷம் மாறியது. ரஷ்யாவிடமிருந்து 1867ல் வாங்கிய அலாஸ்காவோடு பிரிபிலோவ் தீவுகளும் அமெரிக்காவுக்கு வந்தன. தோலுக்காகக் கொல்லப்படும் கடல்நாய்கள் குட்டி போட வரும் தீவுகள். கனடியக் கப்பல்கள் மூன்று மைலுக்கு வெளியே நின்று அவற்றைச் சுட்டன. 1886 முதல் அமெரிக்கா அந்தக் கப்பல்களைப் பிடித்தது. கிழக்கே மூன்று மைலுக்கு வெளியே எல்லாக் கடலும் எல்லாருக்கும் என்று பேசிய நாடு, மேற்கே அறுபது மைல் தாண்டியும் என்னுடையது என்றது. வெளியுறவுச் செயலர் பிளெய்னும் பிரிட்டனின் சால்ஸ்பரி பிரபுவும் கடிதத்திலேயே கத்தி வீசினார்கள். நெப்போலியனைச் சிறைவைத்தபோது செயின்ட் ஹெலினாவைச் சுற்றி எட்டு லீக் கடலை அடைத்தீர்களே, அது மட்டும் எப்படி என்று பிளெய்ன் மடக்கினார். வழக்கு நடுவர்களிடம் போனது. 1893ல் பாரிசில் ஏழு நடுவர்கள் உட்கார்ந்தார்கள்.

நம் பார்கள் வந்து சேர்வது அங்கேதான். இலங்கை முத்துப்பாரில் மூன்று மைலுக்கு அப்பாலும் பிரிட்டன் 1811லிருந்து படகுகளைப் பறிமுதல் செய்கிறது, எங்கள் கடல்நாய்க்கும் அதுவே நியாயம் என்றது அமெரிக்கத் தரப்பு. இன்னொரு வாதமும் வைத்தார்கள். கடல்நாய் எங்கே போனாலும் எங்கள் தீவுக்கே திரும்பி வருகிறது. கூட்டுக்குத் திரும்பும் தேனீ கூட்டுக்காரனுக்குச் சொந்தமாவது போல அதுவும் எங்களுக்குச் சொந்தம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “தேனீ எப்பிடிய்யா சொந்தமாவும்? அடையை மொதல்ல பாத்தவன் மரத்துல வெட்டு போட்டா, தேனுதான் அவனுது” என்றார். நடுவர்களில் பெரும்பான்மையும் ஏறக்குறைய அவர் பக்கம்தான்.

பிரிட்டனின் வழக்கறிஞர் சர் சார்லஸ் ரஸல் முத்துப்பாருக்குச் சொன்ன பதிலின் கருத்து இது: நாங்கள் கேட்பது கடலை அல்ல, கடலடியில் குறிப்பிட்ட சில இடங்களின் விளைச்சலை. தொன்றுதொட்டு அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்கள் அந்த இடங்களைத் தங்கள் சொத்தாகவே நடத்திவந்திருக்கிறார்கள். அந்த வழக்கமே எங்கள் உரிமை.

எனக்கு இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. தொன்றுதொட்டு வந்த வழக்கம் பாரிசில் உரிமை ஆயிற்று. அதே பேரரசின் ஆட்கள் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தியக் காட்டைப் பற்றி, தொன்றுதொட்டு வந்த வழக்கம் வெறும் சலுகை என்று தீர்த்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் வழக்கம் வழக்கம்தான். பாரில் வழக்கத்தின் பயன் ராஜாவுக்குப் போயிற்று, மலையில் சாமை விதைத்தவனுக்குப் போயிற்று. இதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பாரில் முங்கிய எங்கள் ஆட்களின் வழக்கத்தை யாரும் உரிமை என்று எழுதவில்லை என்பதையும் குளியாளியின் மகன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

1893 ஆகஸ்டு 15 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று மைலுக்கு வெளியே அமெரிக்காவுக்குச் சொத்தும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் பிராணி அழியாமல் இருக்க, தீவுகளைச் சுற்றி 60 மைலுக்குள் வேட்டை கூடாது, மே முதல் ஜூலை முடிய வேட்டை கூடாது, வலையும் துப்பாக்கியும் வெடியும் கூடாது. பிடித்த கப்பல்களுக்காக அமெரிக்கா 1898ல் 4,73,151 டாலர் ஈடு கட்டியது. கடல்நாய்க்கு அதனால் பெரிய விடிவு இல்லை. நான்கு நாடுகள் சேர்ந்து 1911ல் உடன்படிக்கை செய்த பிறகுதான் கூட்டம் பெருகியது.

நம் கடலுக்கு வந்த கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது தினமும் செய்தித்தாளில் இருக்கிறது. 1921 அக்டோபரில் சென்னை அரசின் ஆட்களும் இலங்கை அரசின் ஆட்களும் கொழும்பில் உட்கார்ந்து, பாக் நீரிணையில் மீன்பிடிக்கென்று ஒரு கோடு இழுத்தார்கள். கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே அது போனது. லண்டன் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1974 ஜூனில் இரண்டு சுதந்திர நாடுகள் போட்ட கோடு கச்சத்தீவை அந்தப் பக்கம் வைத்தது. 1976ல் மன்னார் வளைகுடாவுக்கும் கோடு வந்தது. ஜூலை 1974ல் நாடாளுமன்றத்தில் எழுந்த கூச்சலிலும் மீனும் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில்தான் வந்தன.

இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சந்தை நாட்களில், பெரியவருக்குச் சொன்னேன். பாரிசும் கடல்நாயும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ராஜா பங்கு மூன்றில் இரண்டு என்பதை மட்டும் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“அந்தப் பாருல சிப்பி இப்ப கீதா?”

“1961க்கு அப்புறம் சலாபமே நடக்கல, பெரியவரே. எடுக்கற அளவுக்குச் சிப்பி விழல.”

“ராஜா மரம்னு சந்தனத்தையும் இப்பிடித்தான் எண்ணி எண்ணி வெச்சாங்க” என்றார். பிறகு குனிந்து, நெத்திலியில் மண் கலந்திருக்கிறதா என்று ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, கால் கிலோ போடச் சொன்னார்.